ஐம்பத்தைந்து தார்க்குச்சிகள்

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்சூரன்ஸ் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருந்தேன். அதில் பதினான்காம் கணக்குக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. "ஒரு காப்பீட்டுச் சங்கம் சிலருக்கு வீதத்தை ஏற்றுகிறது, சிலருக்கு இறக்குகிறது. மொத்தத்தில் வீதம் ஏறியதா, இறங்கியதா? எவ்வளவு?" இவ்வளவுதான் கேள்வி. ஆனால் கெட்டிக்காரர்கள்கூட இதில் வழுக்கி விழுவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். நானும் விழுந்திருக்கிறேன். இந்தக் கதைக்குள்ளேயே ஒரு முறை விழப்போகிறேன்.

உதாரணத்துக்கு மூன்று வரியில் ஓர் அட்டவணை போட்டேன்: காரைத் தளம் போட்ட மச்சுக் கட்டடம், ஓட்டுக் கட்டடம், கூரை. கூரைக்கு எதிரே "நூறு பேர், ஒரு லட்சம் ரூபாய்க் காப்பு" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஆளுக்கு ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்குள் என்ன இருக்கும்? ஒரு தறி, அதில் ஏற்றிய பாவு, மூலையில் கொஞ்சம் நூல், மேலே தென்னங்கீற்று. இந்த நூறு பேரில் ஒரே ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு அட்டவணைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பார்த்தேன். சின்னாளபட்டியில் இருந்தாள். பெயர் சுப்புத்தாய். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவன் இல்லை. சங்கத்துக் காப்புச் சீட்டு அவள் பெயரிலேயே இருந்தது. "நூறு பேரு நூறு பேருங்கிறீகளே, எங்களுக்குப் பேரு கெடையாதா?" என்று கேட்டாள்.

அட்டவணைக்குத் திரும்ப முடியவில்லை.

2

தொடக்கங்கள்.

அ) "1961ஆம் ஆண்டு மார்ச் பதினாறாம் தேதி காலை, சின்னாளபட்டித் தெருக்களில் தறிச் சத்தம்…"

(வேண்டாம். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்; அன்று அமாவாசை. அமாவாசையன்று அங்கே தறி ஓடாது, நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை. முதல் வாக்கியத்திலேயே ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

ஆ) "தீ முதலில் வடக்குக் கோடியிலிருந்த மூன்றாவது கூரையில்…"

(இதையும் விட்டுவிட்டேன். இன்சூரன்ஸ் கதையில் தீயை முதலில் வைத்துவிட்டால் படிப்பவர்கள் தீயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது தீக்குப் பிறகு வருவது: ஒருவர் இழப்பை இருநூறு பேர் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது. மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே மிக நல்ல ஏற்பாடுகளில் அது ஒன்று என்பது என் எண்ணம். ஆகவே தீயைப் பற்றி ஒரே வரி: முந்தைய ஆண்டு ஒரு கூரை வரிசை எரிந்தது, சங்கம் பேசாமல் முழுப் பணத்தையும் கொடுத்தது, சேமிப்பு கரைந்தது.)

இ) "ஒரு சங்கம் இருந்தது."

இது போதும். இங்கிருந்து போவோம்.

3

ஒரு சங்கம் இருந்தது. திண்டுக்கல் வியாபாரிகளும் சுற்றுவட்டார நெசவாளர்களும் சேர்ந்து நடத்திய பரஸ்பரத் தீக்காப்புச் சங்கம். (நான் உண்டாக்கியது. பழைய பதிவுகளில் தேட வேண்டாம்.) முதலாளி என்று யாரும் இல்லை. உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சந்தா கட்டுவார்கள். எவர் இடம் எரிந்தாலும் அந்தப் பணத்திலிருந்து இழப்பு ஈடுகட்டப்படும்.

சந்தா எப்படி வந்தது என்று சொல்கிறேன், எளிதுதான். எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடிவீதம் உண்டு: நூறு ரூபாய்க் காப்புக்கு எட்டணா, புதுக் கணக்கில் ஐம்பது நயா பைசா. அதை ஒரு மடங்கால் பெருக்க வேண்டும். மச்சுக்கும் ஓட்டுக்கும் மடங்கு ஒன்று. கூரை சீக்கிரம் பற்றும் என்பதால் அதற்கு இரண்டு. அவ்வளவுதான்.

மச்சு: 40 பேர், 6 லட்சம் காப்பு, மடங்கு 1, வசூல் 3,000 ரூபாய்.
ஓடு: 60 பேர், 3 லட்சம் காப்பு, மடங்கு 1, வசூல் 1,500 ரூபாய்.
கூரை: 100 பேர், 1 லட்சம் காப்பு, மடங்கு 2, வசூல் 1,000 ரூபாய்.

மொத்தம் 5,500. இந்த எண்களை ஒரு முறை மெதுவாகப் பாருங்கள். கதையின் மனிதர்கள் எல்லாரும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

மச்சு வரியில் இருப்பவர் கிதர் முகம்மது ராவுத்தர். சங்கத்தின் தலைவர். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பு. பதனிட்ட தோல் அடுக்கிய அவருடைய கிட்டங்கிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க் காப்பு. சந்தா எழுபத்தைந்து ரூபாய். (மச்சுக்காரர்களின் சராசரியும் சரியாகப் பதினைந்தாயிரம்தான். கதாசிரியனின் சோம்பல். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஓட்டு வரியில் முத்துச்சாமி. சங்கத்தின் செயலாளர். நூல் வியாபாரி. ஐயாயிரத்துக்குக் காப்பு, இருபத்தைந்து ரூபாய் சந்தா. சின்னாளபட்டித் தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலையாக வாங்குபவர். அவர் கடையில் ஒரு விதி உண்டு: சங்கச் சீட்டு இல்லாத வீட்டுக்கு நூல் கிடையாது. கூரைக்குள் போகிற நூல் அவருடையது. எரிந்தால் யார் பொறுப்பு?

கூரை வரியில் சுப்புத்தாய். பத்து ரூபாய் சந்தா. சீட்டு இல்லையென்றால் நூல் இல்லை. நூல் இல்லையென்றால் தறி நின்றுவிடும். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்தத் தறிதான்.

4

தீக்குப் பிறகு சேமிப்பை மீட்க, வரும் ஆண்டு 6,600 ரூபாய் வசூலாக வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. அதாவது நூற்றுக்கு இருபது கூடுதல். எப்படி வசூலிப்பது? முத்துச்சாமி ஒரு யோசனை கொண்டுவந்தார். எரிவது கூரை, எரியாதது மச்சு. ஆகவே கூரையின் மடங்கை இரண்டிலிருந்து மூன்றாக்குவோம். மச்சின் மடங்கை ஒன்றிலிருந்து முக்காலே அரைக்கால் பக்கமாக…

(இல்லை. முத்துச்சாமி பழைய பின்னக்காரர்தான், ஆனால் அது 0.875; எனக்கு வேண்டியது 0.8. ஐந்தில் ஒரு பங்கு குறைப்பு என்று வைத்துக்கொள்வோம்.)

அவர் கணக்கு இப்படிப் போனது: "இருநூறு பேர்ல நூறு பேருக்குப் பாதி கூடுது. அப்ப சங்கத்துக்கு நூத்துக்கு இருபத்தஞ்சு ஏத்தம். நாப்பது பேருக்கு அஞ்சுல ஒண்ணு கொறையுது. அது நூத்துக்கு நாலு எறக்கம். இருபத்தஞ்சுல நாலு போனா இருபத்தொண்ணு. நமக்கு வேண்டியது இருபது. ஒண்ணு மிச்சம்!"

குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அவர்களை முட்டாள்களாக எழுதிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை. தோலைத் தடவிப் பார்த்தே எத்தனை பவுண்டு தேறும் என்று சொல்லக்கூடியவர்கள். இந்தத் தப்பு அவர்களுக்கு வந்ததே சங்கத்தின் நல்ல பழக்கத்திலிருந்துதான். லட்சம் காப்பு வைத்தவனுக்கும் ஒரு கை, ஆயிரம் வைத்தவளுக்கும் ஒரு கை என்பது சங்கத்தின் சட்டம். பன்னிரண்டு வருடமாகக் கை தூக்கச் சொல்லி எண்ணியே எல்லாவற்றையும் முடிவு செய்தவர்கள். அதனால் பணத்தையும் தலை எண்ணியே கணக்கிட்டுவிட்டார்கள்.

அழகான பழக்கம். அதிலிருந்து வந்த தப்பு. எனக்கு இந்தச் சங்கத்தை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

5

தப்பைப் பிடிக்க ஒருவர் வேண்டும். முதல் வரைவில் மதுரையிலிருந்து ஓர் ஆடிட்டரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். கண்ணாடி, தோல்பை எல்லாம் கொடுத்தேன். அவர் வந்து நாலு பக்கம் பேசினார். ஒருவருக்கும் புரியவில்லை, எனக்கும் அலுத்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் லூர்தம்மாள் கண்ணில் பட்டார். முதல் பக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார், சங்கத்தின் குமாஸ்தா. உறுப்பினருக்கு ஓர் அட்டை வீதம் இருநூறு அட்டைகளை மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவர். ஆண்டுக்கு இருநூறு ரசீது எழுதுபவர். அவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை வலி சொல்லிக்கொடுத்தது. கூரைக்காரர்களுக்கு நூறு ரசீது எழுதி முடிக்க நான்கு நாள் ஆகும்; பெட்டிக்குள் விழுவது ஆயிரம் ரூபாய். மச்சுக்காரர்களுக்கு நாற்பது ரசீது, ஒன்றரை நாள்; விழுவது மூவாயிரம். எழுதும் கைக்கும் நிறையும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்பது ஆண்டுதோறும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆக லூர்தம்மாளை எழுத வைத்தேன். என் வரைவில் அவர் இப்படிச் சொன்னார்: "தலையை எண்ணாதீங்க, காப்புத் தொகையை எண்ணுங்க. பத்து லட்சத்துல ஆறு லட்சத்துக்கு இருபது கொறையுது. அது பன்னெண்டு எறக்கம். ஒரு லட்சத்துக்கு அம்பது கூடுது. அது அஞ்சு ஏத்தம். மொத்தத்துல நூத்துக்கு ஏழு எறங்கும்."

நன்றாக இருந்தது. தலையிலிருந்து தொகைக்கு வந்துவிட்டோம். திருப்தியோடு காப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அந்த வரி சரியில்லை என்று தோன்றியது. லூர்தம்மாள் அதைச் சொல்ல மறுக்கிறார். ஏன் என்று யோசித்தேன். அவர் ரசீது எழுதுபவர். அவர் கைக்குத் தெரிந்தது காப்புத் தொகை இல்லை, வசூல். கூரையின் ஒரு லட்சம் ஏற்கெனவே இரட்டை மடங்கு கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதில் பாதி ஏறுவது என்பது, மச்சின் ஒரு லட்சத்தில் பாதி ஏறுவதைப்போல இரண்டு மடங்கு பெரியது. ஏற்ற இறக்கச் சதவீதத்தை எடைபோட வேண்டியது இன்று கட்டும் சந்தாவை வைத்து. தலையை வைத்தும் இல்லை, காப்புத் தொகையை வைத்தும் இல்லை.*

இருபது வருடம் இதைப் பாடம் நடத்தியவன் நான். நானே உண்டாக்கிய குமாஸ்தா என்னைத் திருத்துகிறார். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

* காப்புத் தொகையை வைத்தும் செய்யலாம், ஆனால் அப்போது சதவீதத்தைத் தொடக் கூடாது, மடங்கைத்தான் தொட வேண்டும். பழைய மடங்குகளின் சராசரி 1.1, புதியவற்றின் சராசரி 1.08. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். கீழே தார்க்குச்சிகள் சொல்லும் விடையே வரும். இரண்டு வழியில் போய் ஒரே வாசலில் நிற்பது கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம்.

6

பொதுக்குழு எப்போதும் வியாழக்கிழமைதான் கூடும். வெள்ளிக்கிழமை என்றால் ராவுத்தருக்கு ஜும்மா. ஞாயிறு என்றால் லூர்தம்மாளுக்குப் பூசை. வியாழன் தறி நாள் என்பதால் நெசவாளர்கள் வருவதில்லை. நூறு கைகள் இருந்தும் ஒரு கைகூட அந்தக் கூட்டங்களில் உயர்ந்ததில்லை. அந்த வருடம் வியாழக்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்தன. சுப்புத்தாயும் வேறு ஒன்பது பெண்களும் காலை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்கள்.

இடம், முத்துச்சாமியின் நூல்கடை மாடி. ரமலான் நோன்பின் கடைசி நாட்கள். காப்பித் தட்டு ராவுத்தரைத் தாண்டிப் போனது.

முத்துச்சாமி தீர்மானத்தை வாசித்து முடித்ததும் லூர்தம்மாள் எழுந்து நின்றார்.

"ஏம்மா லூர்து, அட்டை எதும் காணாமப் போச்சா?" என்றார் முத்துச்சாமி.

"அட்டை இருக்கு. கணக்குத்தான் சரியா இல்ல."

"நான் மூணு தடவ போட்டேன்மா."

"மூணு தடவயும் தலையத்தான எண்ணுனீங்க? செத்த நேரம் குடுங்க. அந்தக் கூடையை எடுத்துக்கிறேன்."

கூடையில் விற்பனைக்கு இருந்த தார்க்குச்சிகள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற சின்னக் குச்சி. லூர்தம்மாள் ஐம்பத்தைந்து குச்சிகளை எண்ணி எடுத்துப் பாயில் மூன்று குவியலாக வைத்தார்.

"ஒரு குச்சி நூறு ரூவா. மச்சுக்காரவுக கட்டுறது முப்பது குச்சி. ஓட்டுக்காரவுக பதினஞ்சு. கூரைக்காரவுக பத்து. ஆகமொத்தம் இன்னைக்குச் சங்கத்துக்கு வர்றது அம்பத்தஞ்சு. சரிதானுங்களா?"

"சரி" என்றார் ராவுத்தர்.

"அப்ப ராவுத்தர் நீங்களே வாங்க. மச்சுக்கு அஞ்சுல ஒண்ணு கொறையுது. முப்பதுல அஞ்சுல ஒண்ணை எடுத்துக்குங்க."

கிதர் முகம்மது குனிந்து ஆறு குச்சிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுப்புத்தாயி, நீ வா. கூரைக்குப் பாதி கூடுது. பத்துக்குப் பாதி எம்புட்டு?"

"அஞ்சுக்கா." சுப்புத்தாய் கூடையிலிருந்து ஐந்து குச்சிகளை எண்ணி எண்ணி வைத்தாள்.

"செயலாளர் ஐயா, இப்ப எண்ணுங்க."

முத்துச்சாமி எண்ணினார். இருபத்து நான்கு, பதினைந்து, பதினைந்து. ஐம்பத்து நான்கு. மறுபடி எண்ணினார். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அறுபத்தாறு வேணுமே… ஏத்தா, மடியில எதும் போட்டுக்கிட்டியா?"

"எம் மடியிலருந்துதேன் அஞ்சு போச்சு மொதலாளி. வேற என்னத்தத் தேடுறீக?"

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிலரும் சிரித்தார்கள். ராவுத்தர் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லூர்தம்மா, அப்ப இவுக போட்ட அஞ்சும் என் கையிலயா இருக்கு?"

"அஞ்சும் இருக்குங்க. மேற்கொண்டு சங்கத்தோடது ஒண்ணும் இருக்கு."

"தவ்பா, பிழை பொறுக்கணும்!" என்றார் ராவுத்தர்.

நூற்றுக்கு இருபத்தொன்று ஏறும் என்று எதிர்பார்த்த வசூல், நூற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு இறங்கிவிட்டது. நூறு நெசவாளர்கள் ஆளுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கட்டி, நாற்பது மச்சுக்காரர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்து, அதற்கும் நூறு ரூபாய் குறைகிறது.

(இந்தப் பகுதியைத் திருத்தாமல் விடுகிறேன். எனக்குத் தெரிந்த சூத்திரங்களில் எதுவும் ஐம்பத்தைந்து குச்சிகள் அளவுக்குத் தெளிவாகப் பேசியதில்லை.)

7

இங்கே ராவுத்தரைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவரைப் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். கையிலிருந்த ஆறு குச்சிகளைச் சட்டைப்பைக்குள் போடுவதாக ஒரு வரிகூட இருந்தது. அந்த வரியில் அவர் அசையவே இல்லை, மரக்கட்டையாக நின்றார். அவர் கோணத்தில் ஒரு நியாயம் இருந்தது, நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைச் சொல்ல விட்டதும் உயிர் வந்தது.

"ஒரு வார்த்த சொல்றேன், தப்பா நினைக்காதீக" என்றார். "பத்து வருஷத்துல என் கிட்டங்கியில ஒரு பீடித்துண்டு பத்துனதில்ல. கூரை பத்திச்சு, நாங்களும் சேந்துதான குடுத்தோம்? மதுரையில ஒரு கம்பெனிக்காரன் என் கிட்டங்கிக்கு எம்பத்தஞ்சு கேக்கான். இங்க அதுக்கு மேல போச்சுன்னா நான் இருப்பேன், என் மூஞ்சிக்காக. மத்த முப்பத்தொம்பது பேரு?"

"அது நியாயந்தாங்க" என்றார் லூர்தம்மாள். "ஆனா நீங்க கேக்கிறது ரெண்டு கேள்வி. யாரு எம்புட்டுப் பங்கு சுமக்கணும்ங்கிறது ஒண்ணு. அதுக்குத்தான் மடங்கு. மொத்தமா எம்புட்டு வேணும்ங்கிறது இன்னொண்ணு. அதுக்கு அடிவீதம். மடங்கை மாத்துனா, மொத்தம் எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டு, அப்புறந்தான் அடிவீதத்தைத் தொடணும். நாம ரெண்டையும் ஒரே கையைத் தூக்கி முடிக்கப் பாத்தோம்."

நான் எழுதிய வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என் கையேட்டின் பதினான்காம் கணக்கு முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

முத்துச்சாமி சும்மா இருக்கவில்லை. "அப்ப என்ன, புது மடங்கையே வச்சுக்கிட்டு அடிவீதத்தைக் கூட்டிருவோம். அம்பத்து நாலை அறுபத்தாறு ஆக்கணும். அம்புட்டுத்தான?"

"போட்டுப் பாத்துருவோம்." லூர்தம்மாள் சிலேட்டை எடுத்தார். அடிவீதம் ஐம்பதிலிருந்து அறுபத்தொரு பைசாவுக்குச் சற்று மேலே வந்தது. மூன்று அட்டைகளை உருவினார். யார் அட்டை என்று சொல்லாமலே வாசித்தார்.

"ஆயிரத்துக்குக் கூரை. பத்து ரூவா இருந்தது, பதினெட்டு ரூவா முப்பத்து மூணு காசு. ஐயாயிரத்துக்கு ஓடு. இருபத்தஞ்சு இருந்தது, முப்பது ரூவா அம்பத்தாறு காசு. பதினஞ்சாயிரத்துக்கு மச்சு. எழுபத்தஞ்சு இருந்தது…" அவர் சிலேட்டை இன்னொரு முறை பார்த்தார். "எழுபத்து மூணு ரூவா முப்பத்து மூணு காசு."

சங்கம் முழுவதும் இருபது சதவீதம் ஏறுகிறது. மச்சுக்காரருக்கு இன்று கட்டுவதைவிடக் குறைகிறது.

சுப்புத்தாய்தான் முதலில் பேசினாள். "பதினெட்டுன்னா எங்க தெருவுல யாரும் சீட்டு எடுக்க மாட்டாக. பன்னெண்டு வரைக்கும் ஏலும். சீட்டு இல்லாட்டி மொதலாளி நூலு குடுப்பீகளா?"

முத்துச்சாமி சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் விதி அவருக்கே தெரியும்.

8

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன், எதையும் ஒளிக்கவில்லை.

முதல் முடிவு. ராவுத்தர் ஆறு குச்சிகளையும் பாயில் திருப்பி வைக்கிறார். "பழைய மடங்கே இருக்கட்டும். அடிவீதத்தை அறுபது ஆக்குங்க" என்கிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருபது சதவீதம் ஏறுகிறது. சுப்புத்தாய்க்குப் பன்னிரண்டு, முத்துச்சாமிக்கு முப்பது, ராவுத்தருக்குத் தொண்ணூறு. எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் காலை படித்துப் பார்த்தேன். தொண்ணூறு என்பது மதுரைக் கம்பெனி கேட்பதைவிட ஐந்து ரூபாய் அதிகம். ராவுத்தரின் நல்ல மனதை நான் எழுதிவிடலாம். முகம் தெரியாத முப்பத்தொன்பது பேரின் நல்ல மனதையும் நானே எழுதிக்கொள்வது ஏமாற்று.

இரண்டாம் முடிவு. தீர்மானம் தோற்காமல் நிறைவேறுகிறது. பதினெட்டு ரூபாய் முப்பத்து மூன்று காசு. நூறு கூரையில் ஐம்பது சீட்டை விட்டுவிடுகிறது. தொள்ளாயிரத்துச் சொச்சம் ரூபாய் போகிறது. 6,600 வரவில்லை. சின்னாளபட்டியில் தறிகள்…

(நிறுத்திவிட்டேன். என்னால் அந்தத் தெருவுக்குள் போக முடியவில்லை.)

ஆனால் இந்த முடிவு எனக்கு ஒன்றைக் காட்டியது. லூர்தம்மாளின் அழகான அளவைக்கும் ஓர் எல்லை உண்டு: அது இருநூறு பேரும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. வீதம் மாறினால் ஆட்களும் மாறுவார்கள். ஆட்கள் மாறினால் குவியல்கள் மாறும். குச்சிகள் தாமாக எழுந்து போவதில்லை, மனிதர்கள் போவார்கள்.

மூன்றாம் முடிவு. நெசவாளர்கள் கூட்டத்தை அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைக்கச் செய்து, நூறு பேரும் பஸ் பிடித்து வந்து கை தூக்கித் தங்களுக்குப் பத்தே ரூபாய் என்று ஜெயித்துவிடுகிறார்கள். கைதட்டல். மச்சுக்காரர்கள் ஒவ்வொருவராக மதுரைக்குப் போகிறார்கள். அவர்களோடு ஆறு லட்சமும் போகிறது. மிச்சப் பணத்தில் ஒரு தீயைத் தாங்கலாம், இரண்டாவதைத் தாங்க முடியாது.

மூன்றும் கணக்கின்படி சரி. மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

9

ராவுத்தர் சுப்புத்தாய்க்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். கையிலிருந்த குச்சிகள் இப்போது அவருக்கும் அவளுக்கும் நடுவில் கிடந்தன.

"இம்புட்டு வருஷமா உங்க சந்தாவ நாங்களே எழுதுனோம்" என்றார். "இன்னைக்கு நீயே சொல்லு. உன் தெருவுல நூறு பேரும் சீட்ட விடாமக் கட்டுறதுக்கு எம்புட்டு? நாங்களும் ஓடாம இருக்கணும். ரெண்டையும் மனசுல வச்சுச் சொல்லு. நீ சொல்றதுக்கு நான் கை தூக்குறேன். மத்தவுகளையும் தூக்கச் சொல்றேன், வாரவுக வரட்டும்."

"ராவுத்தரே, அது எப்புடி…" என்று முத்துச்சாமி ஆரம்பித்தார்.

"நீ பேனாவ எடு, முத்துச்சாமி."

லூர்தம்மாள் சுப்புத்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாரு தாயி. மச்சுக்கும் ஓட்டுக்கும் ஒரே மடங்கா வச்சுக்கிட்டு அறுபத்தாறு குச்சியும் வரணும்னா, கணக்கு இதுதான். நீ பன்னெண்டு சொன்னா ராவுத்தருக்குத் தொண்ணூறு, ஐயாயிரத்து ஓட்டுக்கு முப்பது. அங்கருந்து நீ ஒரு ரூவா ஏத்திச் சொன்னா அவருக்கு ஒரு ரூவா அறுபத்தேழு காசு எறங்கும். ஓட்டுக்காரவுகளுக்கு அம்பத்தாறு காசு எறங்கும். எறக்கிச் சொன்னா அதே மாதிரி ஏறும்."

"பதினஞ்சுன்னா?"

"அவருக்குச் சரியா எம்பத்தஞ்சு."

"மருதக் கம்பெனிக்காரன் கேக்கிறது."

"அதேதான்."

சுப்புத்தாய் கணக்கைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஒரு ரூபாய்க்கு ஒன்று அறுபத்தேழு, ஐம்பத்தாறு என்று உதட்டை அசைத்து, விரலில் இரண்டு படி ஏறி, மறுபடி இறங்கி, சரிபார்த்தாள். அவளை இந்த அளவுக்கு நான் யோசித்து வைக்கவில்லை. பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நூறு தறியும் நாற்பது கிட்டங்கியும் சேர்ந்து நிற்கக்கூடும். அப்படி ஓர் இடம் இல்லாமலும் இருக்கலாம். சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அதிகம் சொன்னால் தெருவில் ஒவ்வொரு வாசலாகப் போய் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் இந்த மாடியில் கைகள் உயராது.

எனக்கு அந்த எண் தெரியாது. கணக்கு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு ரூபாய்க்கு அந்தப் பக்கம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வேன். ஒருத்தியால் எவ்வளவு தாங்க முடியும் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. ஆகவே இங்கே நான் எழுதுவதை நிறுத்தி, பேனாவை உங்களிடம் தருகிறேன். லூர்தம்மாள் சொன்ன கணக்கு மேலே இருக்கிறது. நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் மற்ற இரண்டு எண்களும் தாமே வந்து நிற்கும். போட்டுவிட்டு, மூன்றையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

முத்துச்சாமி தீர்மானப் புத்தகத்தில் "கூரை, ஆயிரத்துக்கு" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். சுப்புத்தாய் பின்னால் இருந்த ஒன்பது பெண்களையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக்கங்க மொதலாளி" என்றாள்.

கூரை, ஆயிரத்துக்கு: ரூபாய் ………